நாலு பெட்டி, ஒரு பாட்டு

ஆடி பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊர்ச் சாலையில் போனாலும் பாட்டுக் கேட்காமல் போக முடியாது. மாரியம்மன் கோயில் வாசலில் ரெண்டு குழாய், ஊர் முனை வேப்பமரத்தில் ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒன்று. கோயிலுக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தலுக்குள் மைக் செட்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபையர். அதிலிருந்து கிளம்பும் கம்பி மரம் மரமாகத் தாவி, விளக்குக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஊரின் கடைசிக் குழாய் வரை போகும். நாலு குழாயும் ஒரே சொல்லை ஒரே கணத்தில் சொல்லும். இதை யாரும் தொழில்நுட்பச் சாதனை என்று பாராட்டியதில்லை. ஆனால் இதே காரியத்தை வீட்டுக்குள் நாலு ஸ்மார்ட் ஸ்பீக்கர்கள் செய்தால் அட்டைப் பெட்டியிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள். ஹால், சமையலறை, படுக்கையறை, மொட்டைமாடி எல்லா இடத்திலும் ஒரே பாட்டு ஒத்து ஒலிக்கும் என்கிறார்கள். மைக் செட்காரருக்கு இயல்பாக அமைந்த ஒன்று பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு ஏன் தனிச் சிறப்பாகிப் போனது? யோசித்துப் பார்த்தால், வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவைப்போம். ரெண்டு ஸ்மார்ட் ஸ்பீக்கர்கள் முன்னே பின்னே பாடினால் உடனே "நெட் ஸ்லோவா இருக்கு" என்கிறோம். இணையத்தின் வேகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. வேகம் போதாவிட்டால் பாட்டு நிற்கும், திக்கும். நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு ரெண்டு அறையில் ரெண்டு விதமாகக் கேட்டால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. ரெண்டு கடிகாரங்கள் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மைக் செட்காரரின் குழாய்களில் கடிகாரமே கிடையாது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் மின்னோட்டம் தள்ளும்போது உள்ளே இருக்கும் தகடு அசையும், அவ்வளவுதான். 300 மீட்டர் கம்பியைக் கடக்க அந்த மின்துடிப்புக்கு ஒரு வினாடியின் 10 லட்சத்தில் ஒன்றரைப் பங்கு போதும். முடிவெடுக்கும் இடம் ஒன்றே ஒன்று, மற்றவையெல்லாம் அதற்குக் கீழ்ப்படிகின்றன. ஸ்மார்ட் ஸ்பீக்கர் அப்படியில்லை. அதற்குள் ஒரு சின்னக் கணினியே உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கணத்தில் எந்த ஒலியை விடுவது என்று அதுவே முடிவு செய்கிறது. நாலு பெட்டி என்றால் நாலு நாட்டாமை.

இந்தக் கடிகாரம் எவ்வளவு தப்பும்? கையில் கட்டும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்குக் கால் நிமிடம், அரை நிமிடம் முன்னே பின்னே போகும். யாரும் குறை சொல்வதில்லை. ஸ்பீக்கருக்குள் இருப்பதும் அதே ஜாதிப் படிகம்தான். 10 லட்சத்தில் 20 பங்கு பிழை என்பது அந்த விலைக்கு நல்ல படிகம். இப்போது பாட்டின் பக்கம் வருவோம். சிடி தரத்தில் ஒரு வினாடிப் பாட்டு என்பது 44,100 எண்களின் வரிசை. ஸ்பீக்கர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒலியாக்குகிறது. ரெண்டு பெட்டிகளின் படிகங்களுக்கு இடையே அந்த 20 பங்கு வித்தியாசம் இருந்தால், ஒரு பெட்டி 44,100 எண்களை முடிக்கும்போது இன்னொன்று கிட்டத்தட்ட ஒரே ஒரு எண் பின்தங்கியிருக்கும். வினாடிக்கு ஓர் எண். கேட்க அற்பமாக இருக்கிறது. ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் அது 6 மில்லி வினாடி. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 72 மில்லி வினாடி, அதாவது காதுக்கு நன்றாகவே பிரிந்து கேட்கும் இடைவெளி. ரெண்டு பெட்டியிலும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தித் தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் விலகிவிடும் என்பதற்கு இதுதான் காரணம். சேர்ந்து தொடங்குவது பாதி வேலைகூட இல்லை. கடைசி வரை சேர்ந்தே போவதுதான் பாடு.

பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி விசித்திரமானது: வேகப்படுத்துவதற்குப் பதிலாகக் காத்திருக்க வைத்தார்கள். முதலில் எல்லாப் பெட்டிகளும் தங்களுக்குள் கடிதம் போட்டுக்கொள்வதைப் போலத் துணுக்குச் செய்திகளை அனுப்பி, உன் கடிகாரத்தில் மணி என்ன, இந்தச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமானது என்று கேட்டு, ஒரு பொது நேரத்துக்கு உடன்படுகின்றன. இந்த வித்தைக்கு வயது அதிகம். கணினிகள் வலைவழியே நேரத்தை ஒத்துக்கொள்ளும் நெறிமுறையை அமெரிக்கரான டேவிட் மில்ஸ் 1985-ல் எழுதிவைத்தார். தொழிற்சாலைகளுக்கான இன்னும் நுட்பமான முறை 2002-ல் தரநிலையாக வந்தது. நேரம் உடன்பட்ட பிறகு, பாட்டின் ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு முகூர்த்த நேரம் எழுதி அனுப்புகிறார்கள். துண்டு முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடும். ஆனால் குறித்த முகூர்த்தம் வரும்வரை எந்தப் பெட்டியும் வாயைத் திறக்காது. கல்யாண வீட்டில் எல்லாரும் விடியற்காலையே வந்துவிட்டாலும் தாலி ஏறுவது முகூர்த்தத்தில்தானே, அந்த மாதிரி. ஸ்னாப்காஸ்ட் என்று இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள் இதைத் திறந்த ஏடாகவே காட்டுகிறது. வழக்கமான அமைப்பில் அது 1 வினாடி காத்திருந்து பாடுகிறது. நடுவில் ஒரு பெட்டி பின்தங்கினால் ஓர் எண்ணை விழுங்கிவிடும், முந்தினால் ஓர் எண்ணை இரட்டித்துக்கொள்ளும். 44,100-ல் ஒன்று காணாமல் போனதை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. இப்படிச் செய்தே பெட்டிகளுக்கு இடையேயான விலகலைச் சாதாரணமாக ஒரு மில்லி வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடக்கிவைக்கிறது.

சோனோஸ் நிறுவனம் 2005-ல் பல அறைப் பாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் மையச் சரக்கே இதுதான். அந்நிறுவனம் வைத்திருக்கும் முக்கியக் காப்புரிமைகளில் ஒன்றின் தலைப்பே, தனித்தனிக் கடிகாரம் கொண்ட பல கருவிகளை ஒத்து இயங்கச் செய்யும் முறை என்ற பொருளில் இருக்கிறது. அந்தத் தலைப்பில் வேகம் என்ற பேச்சே இல்லை.

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தனிப் பெட்டி இருந்தும் ஒத்திசைவு தானாக அமைந்திருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பஞ்சாயத்து ரேடியோவும் டீக்கடை ரேடியோவும் இருந்த நாட்களில், இலங்கை வானொலியில் ஒரு பாட்டுத் தொடங்கினால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போவதற்குள் முழுப் பாட்டையும் வீடு மாற்றி வீடு கேட்டுவிடலாம். ஒரு சொல் விட்டுப்போகாது. அந்த ரேடியோக்கள் ஒன்றையொன்று அறியாதவை, வேறுவேறு கம்பெனிகள் செய்தவை. ஆனாலும் ஒத்துப் பாடின. அவற்றுக்கும் சொந்தக் கடிகாரம் இல்லை. வானில் வந்த அலைதான் கடிகாரம். வந்த கணத்திலேயே அதை ஒலியாக்கி வெளியே விட்டன. இன்றைக்கும் தருமபுரி வானொலியின் பண்பலையை ரெண்டு பழைய ரேடியோவில் வைத்துப் பாருங்கள், பிசகாமல் ஒத்து வரும். அதே வானொலியைக் கைப்பேசிச் செயலி வழியாகக் கேட்டால் பல வினாடி பிந்தி வரும். கிரிக்கெட் நாட்களில் இது எல்லாருக்கும் தெரிந்த வேதனைதான்: கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கத்திய பிறகுதான் நம் கைப்பேசியில் பந்துவீச்சாளர் ஓடவே ஆரம்பிப்பார். எண்மயமானதில் நாம் தெளிவைப் பெற்றோம், தேர்வைப் பெற்றோம். பொது நேரத்தைத் தொலைத்தோம். இப்போது அதைத் தனியாக விலைக்கு வாங்குகிறோம்.

இங்கே யாராவது குறுக்கே கேட்கலாம்: கம்பிக் குழாய்கள் அவ்வளவு ஒழுங்காக ஒத்துப் பாடினால், திருவிழாவில் பாட்டு ஏன் ரெண்டு ரெண்டாகக் கேட்கிறது? நியாயமான கேள்வி, என் வாதத்துக்கே அச்சாணியான கேள்வியும்கூட. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்துக் குழாய் அவரிடமிருந்து 30 மீட்டர் தூரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறது. கோயில் குழாய் 200 மீட்டர் தள்ளி அவரைப் பார்த்து இருக்கிறது. ரெண்டும் ஒரே கணத்தில்தான் பாடின. ஆனால் காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர்தான் ஓடும். ஒன்று 87 மில்லி வினாடியில் வந்துவிடுகிறது, மற்றது அதற்குப் பிறகு இன்னும் அரை வினாடி எடுத்துக்கொள்கிறது. அப்புறம் மலை. வத்தல்மலை, சித்தேரி, தீர்த்தமலை என்று சுற்றிலும் மலை எழுந்த மாவட்டம் இது. அரை கிலோமீட்டரில் ஒரு பாறைச் சரிவு இருந்தால் பாட்டு அதில் மோதித் திரும்ப மூன்று வினாடி ஆகும். இவ்வளவும் சேர்ந்து வரும் அந்தக் கலங்கலான ஒலிதான் நம் நினைவில் திருவிழாவின் ஒலியாகவே தங்கியிருக்கிறது. (கோடையில் 38 டிகிரியில் ஒலி கொஞ்சம் வேகமாக ஓடும், மார்கழி இரவில் 18 டிகிரியில் கொஞ்சம் மெதுவாக. 100 மீட்டருக்கு 10 மில்லி வினாடி வித்தியாசம் வரும். ஒரே குழாய், ஒரே தூரம், ஆனால் ஆடித் திருவிழாவின் எதிரொலியும் மார்கழிப் பாட்டின் எதிரொலியும் அச்சாக ஒன்றில்லை.)

ஆக, பெட்டிகள் ஒத்துப் பாடுவது வேறு, காதில் ஒத்து விழுவது வேறு. முதலாவதைக் கருவியால் சாதிக்கலாம். ரெண்டாவது கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. வீட்டின் எல்லா மூலைக்கும் அதை ஒரே நேரத்தில் கொடுப்பது எந்தக் கம்பெனியாலும் ஆகாது. பெரிய மைதானக் கச்சேரிகளில் இதைத் தெரிந்துதான் வேலை செய்கிறார்கள். மேடையிலிருந்து தூரத்தில் இருக்கும் ஸ்பீக்கர்களை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள், மேடை ஒலி காற்றில் வந்து சேர்ந்த பிறகு அவை பாடும்படி. இயந்திரக் கணக்கில் அவை ஒத்திசையாதவை, காதுக்கு ஒத்திசைந்தவை. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்மட் ஹாஸ் 1949-ல் செய்த ஆய்வு இதன் அடித்தளம். ஒரே ஒலி ரெண்டு திசையிலிருந்து சற்று முன்பின்னாக வந்தால், இடைவெளி சுமார் 30 மில்லி வினாடிக்குள் இருக்கும்வரை மூளை அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொண்டு, முதலில் வந்த திசையையே ஒலியின் இடமாக நம்பிவிடுகிறது. 50 மில்லி வினாடியைத் தாண்டும்போது எதிரொலியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்குகிறது. நம் காது அவ்வளவு கறாரான கணக்குப்பிள்ளை அல்ல, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

அந்த அளவை வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ஊர்ப்பக்கம் புதிதாகக் கட்டும் வீட்டில் ஹால், சமையலறை, ரெண்டு படுக்கையறை, பூஜை அறை. ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு ஹால் ஸ்பீக்கர் 2 மீட்டரிலும் சமையலறை ஸ்பீக்கர் 9 மீட்டரிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 7 மீட்டர், அதாவது 20 மில்லி வினாடி. கருவிகள் துல்லியமாக ஒத்துப் பாடினாலும் இந்த 20 இருக்கத்தான் செய்யும். காது அதை மன்னித்துவிடும். இதற்கு மேல் கருவியின் பங்காக இன்னும் 5 மில்லி வினாடி சேர்ந்தால் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. அறைக்கு ஒரு பெட்டி என்றால் மிகக் கடுமையான துல்லியத்துக்குப் பணம் கொடுப்பது வீண். ஒரே அறையில் இடது வலது என்று ஜோடியாக வைத்தால் மட்டும் கதை மாறும். அங்கே ஒரு மில்லி வினாடி பிந்தினாலே பாடகர் நடுவிலிருந்து நகர்ந்து முந்திய ஸ்பீக்கரின் பக்கம் போய் நின்றுவிடுவார். அங்கே துல்லியம் வேண்டும். மற்ற இடங்களில் வேண்டியதெல்லாம் விலகல் நேரமாக ஆக வளராமல் இருப்பது.

"கம்பெனிகள்தான் அதையும் தீர்த்துவிட்டார்களே, அப்புறம் என்ன?" என்பது அடுத்த மறுப்பு. தீர்த்துவிட்டார்கள் என்பது உண்மை. அமேசான் எக்கோவில் 2017-லும் ஆப்பிளின் ஏர்ப்ளே 2 வழியாக 2018-லும் பல அறைப் பாட்டு வந்துவிட்டது. கூகுள் அதற்கும் முன்பே. நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் தீர்வு ஒவ்வொரு கம்பெனியின் வேலிக்குள் மட்டும்தான். ஹாலில் ஒரு கம்பெனி, படுக்கையறையில் இன்னொரு கம்பெனி என்று வாங்கினால் அவற்றின் குரல் உதவியாளர்கள் ஒரே குழுவில் உட்கார மாட்டார்கள். எந்தப் பெட்டி எந்த முறைக்கு இடம்கொடுக்கிறது என்று பார்த்துப் பார்த்து வாங்க வேண்டும். கடிகாரங்களை உடன்பட வைக்கும் ஒப்பந்தம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் உங்கள் வீட்டுப் பாட்டும் இருக்கும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சோனோஸ் 2020-ல் கூகுள் மேல் வழக்குத் தொடுத்தது. 2022 ஜனவரியில் அமெரிக்கச் சர்வதேச வணிக ஆணையம், கூகுள் ஐந்து காப்புரிமைகளை மீறியதாகத் தீர்ப்புச் சொன்னது. உடனே கூகுள் தன் ஸ்பீக்கர்களின் மென்பொருளை மாற்றியது. அதுவரை குழுவிலுள்ள எல்லா ஸ்பீக்கர்களின் ஒலியையும் ஒரே இழுப்பில் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தனித்தனியே சரிசெய்ய வேண்டிவந்தது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி, வாங்கியவர் வீட்டு மேஜையில் இருக்கும்போதே ஒரு வேலையை மறந்துபோனது. கோர்ட்டில் எந்தப் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. எங்கோ ஒரு நாட்டின் தீர்ப்பு நம் சமையலறை ஒலியைத் தொடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மைக் செட்காரரின் கம்பிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

ப்ளூடூத் ஸ்பீக்கர் ரெண்டு வாங்கி ஒத்துவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்கு 100 முதல் 200 மில்லி வினாடி வரை, சில பெட்டிகளில் அதற்கு மேலும் ஆகும். அது பெட்டிக்குப் பெட்டி மாறும். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் ரெண்டு வாங்கினால் ஜோடி சேரும், அத்தோடு சரி. ஆராகாஸ்ட் என்று 2022-ல் ப்ளூடூத் அமைப்பு அறிவித்த புது முறை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அது வானொலி மாதிரி பொதுவாக ஒலிபரப்புகிறது; வேண்டியவர் கேட்டுக்கொள்ளலாம். பழைய தெரு ரேடியோவுக்குச் சுற்றிவந்து சேர்ந்திருக்கிறார்கள்.

என் முடிவை இப்போது சொல்லிவிடுகிறேன். பாட்டு ஒத்து ஒலிப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், நாலு கடிகாரங்களை வாங்கி அவற்றை உடன்பட வைப்பதைவிட ஒரே ஒரு கடிகாரம் வைத்துக்கொள்வது மேல். ஒரு ஆம்ப்ளிஃபையர், அறைக்கு ஒரு சாதாரண ஸ்பீக்கர், நடுவில் கம்பி. பாட்டு ஆம்ப்ளிஃபையருக்கு எப்படி வேண்டுமானாலும் வரட்டும்: கைப்பேசியிலிருந்து ப்ளூடூத்தில், பென் டிரைவில், பண்பலையில், ஏன், ஒரே ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரின் வழியாகக்கூட வரட்டும். அங்கே 200 மில்லி வினாடி தாமதமானாலும் கவலையில்லை, எல்லா அறைக்கும் அதே தாமதம்தான். ஏரித் தண்ணீர் மதகுக்கு எப்போது வந்தது என்பதை எந்த வயலும் கேட்பதில்லை. மதகு தாண்டிப் பிரிந்த பிறகு எந்த வாய்க்காலில் அடைப்பு என்பதுதான் சண்டையாகும். ஒலியும் அப்படியே. பிரிவதற்கு முன் வரும் தாமதம் ஒத்திசைவைக் கெடுக்காது, பிரிந்த பிறகு வருவதுதான் கெடுக்கும். கம்பியில் பிரிந்த பிறகு தாமதமே இல்லை.

"அறைக்கு அறை ஒலி அளவு வேறாக வேண்டுமே?" என்று கேட்பார்கள். அதற்கும் மைக் செட் உலகத்தில் பழைய பதில் உண்டு. பள்ளிக்கூடம், ரயில்வே பிளாட்பாரம், ஆஸ்பத்திரி அறிவிப்புகளுக்கு 100 வோல்ட் லைன் என்று ஒரு முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆம்ப்ளிஃபையர் ஒலியை உயர் மின்னழுத்தத்தில் அனுப்பும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மரில் 2 வாட், 5 வாட், 10 வாட் என்று தனித்தனி முனைகள் இருப்பதால், எந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்பதை மாட்டும்போதே தீர்மானிக்கலாம். சுவரில் திருகு வைத்து அறையிலேயே குறைத்துக்கொள்ளவும் முடியும். 100 வோல்ட் என்பதால் தெரிந்தவர் மட்டுமே கை வைக்க வேண்டும். சின்ன வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்றால் சாதாரண 8 ஓம் ஸ்பீக்கர்களே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: நாலையும் பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்தம் 2 ஓமுக்கு இறங்கி ஆம்ப்ளிஃபையர் சூடேறிக் கருகும். ரெண்டு ரெண்டாகத் தொடரில் போட்டு, அந்த ரெண்டு ஜோடியையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மறுபடி 8 ஓமே கிடைக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 20 மீட்டர் இழுத்தால், போக வர 40 மீட்டருக்கு அரை ஓம் தடைதான். அந்த இழப்பைக் காது கண்டுகொள்ளாது.

கரண்ட் போகும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபையரை மாட்டினால் பென் டிரைவில் பாட்டுத் தொடரும். ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்கு ரவுட்டரும் விழித்திருக்க வேண்டும், தெருமுனையில் கேபிள்காரரின் பெட்டியும் விழித்திருக்க வேண்டும். கருங்கல் சுவர் வீடு என்றால் வைஃபை அலை பின்கட்டுக்குப் போவதற்குள் மூச்சிரைத்துவிடும்; ஒரு பெட்டி மட்டும் அடிக்கடி குழுவிலிருந்து கழன்றுபோகும்.

இன்னொன்றும் உண்டு, நேரடிக் குரல். காத்திருந்து பாடும் முறை பதிவுசெய்த பாட்டுக்கு மட்டுமே சரிப்படும். பென்னாகரம் பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் மைக்கில் பேசும் சொல் குழாயில் ஒரு வினாடி கழித்து வந்தால் என்ன ஆகும்? மனிதன் தன் குரலையே ஏறத்தாழ 200 மில்லி வினாடி தாமதமாகத் திரும்பக் கேட்டால் நாக்குக் குழறும் என்பது 1950-லேயே சோதித்துச் சொல்லப்பட்ட விஷயம். முகவீணையும் மத்தளமும் பின்பாட்டும் குழாயைக் கேட்டுத் தாளம் பிடித்தால் ஆட்டமே சரிந்துவிடும். வீட்டில் பஜனைக்கு ஒரு மைக் வைத்து நாலு அறைக்கும் கேட்க வைப்பதும், டிவியின் ஒலியை அடுத்த அறைக்கும் கொடுப்பதும் இதே வகைதான். வைஃபைக் குழு இங்கே தடுமாறும். கம்பிக்கு இது ஒரு விஷயமே இல்லை.

கம்பியால் முடியாததையும் மறைக்கக் கூடாது. ஹாலில் பெரியவர்களுக்குப் பழைய பாட்டு, பையன் அறையில் அவன் பாட்டு, அப்புறம் சாயங்காலம் எல்லாருக்கும் ஒன்று என்று நினைத்த நேரத்தில் பிரித்துச் சேர்ப்பது ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குத்தான் எளிது. கம்பி எல்லாரையும் ஒரே பாட்டில் கட்டிவைக்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். கண் தெரியாதவருக்கும் நடமாட முடியாதவருக்கும் குரலால் பாட்டு வைக்கும் வசதி சாதாரணமானதல்ல. இந்தத் தேவைகள் உள்ளவர்கள் ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கட்டும், ஒரே கம்பெனியில் வாங்கட்டும். ஆனால் அவர்கள் வாங்குவது பிரித்துக் கேட்கும் வசதியை. ஒத்துக் கேட்பதற்காக மட்டும் வாங்குபவர்களோடுதான் எனக்கு வழக்கு.

இவ்வளவு பெட்டி ஒரு வீட்டுக்கு எதற்கு, ஒரே பெரிய ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்தால் ஆகாதா என்றும் கேட்கலாம். பல பெட்டி வைப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான காரணம், சத்தத்தைக் குறைக்கலாம் என்பதுதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் இறங்குகிறது. நடுவில் செங்கல் சுவர் இருந்தால் அதற்கு மேலும் பல மடங்கு விழுங்கும். சமையலறைக்கும் கேட்க வேண்டும் என்று ஹால் ஸ்பீக்கரை ஏற்றினால் ஹாலில் பேச முடியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடும். அறைக்கு ஒன்று வைத்தால் எல்லாமே தணிந்த குரலில் பாடலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. தணிந்து பாடும் நாலு பெட்டிக்கு அது சிரமமில்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிடுவது நல்லது: ஹாலில் ஒரு மூலையிலிருந்து ஒவ்வொரு அறைக்கும், மொட்டைமாடிக்கும், முக்கால் அங்குலக் குழாய் தனித்தனியாக ஒன்று, கரண்ட் கம்பி போகும் குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி. உள்ளே இப்போதே கம்பி இழுக்க வேண்டியதில்லை. பின்னால் இழுப்பதற்கு ஒரு நைலான் கயிறு மட்டும் விட்டு, ரெண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, சிமெண்ட் புகாமல் தாள் அடைத்துவைத்தால் போதும்.